முழக்கட்டை

மெர்ல் ரெய்னர் அளக்காமல் எதையும் வாங்கியவள் அல்ல. அவள் ஊரான எலன்டேலில் பாதி வீடுகளின் ஜன்னல் திரை அவள் கையால் தைத்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்கக் கடைக்குப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் அப்படியே வந்துவிட்டாள். "யாருக்குச் சவப்பெட்டி செய்ய அளவெடுக்க வந்தே, மெர்ல்?" என்று பாதிரியாரே கேட்டார். அப்படிப்பட்டவள் அறுபத்தெட்டு வயதில், ஒரே ஒரு பொருளின் உள்பக்கத்தை அளக்க மறந்துபோனாள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது. அவள்மேல் மட்டும் இல்லை, அவள் அண்ணன்மேலும்தான்.

அண்ணன் பெயர் கிளைட் டிரிஃபிட். அவளைவிட நாலு வயது மூத்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரிலிருந்து நாலு மைல் மேலே, அப்பாவின் மலைவீட்டிலேயே இருந்துவிட்டான். அம்மா ஆறு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது குளிப்பாட்டி, சோறூட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டது அவன்தான். சின்ன வயதிலிருந்தே தங்கையை 'கோழி' என்றுதான் கூப்பிடுவான். ஓயாமல் கொக்கரிப்பாளாம்.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அது நடந்தது இப்படி. அப்பா மலைக்காட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மெர்லுடைய கணவன் கீத், புஷி பார்க்கில் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூத் தோட்டத்தில் மூட்டை தூக்கும்போது முதுகெலும்பு நகர்ந்து, அதற்குப்பிறகு வேலைக்கு லாயக்கில்லாமல் வீட்டோடு கிடந்தான். மெர்ல் தன் பங்குக் காட்டை ஒரு மரத்தோட்டக் கம்பெனிக்கு விற்றாள். அவர்கள் பழைய மரங்களை எல்லாம் ஒரே மாதத்தில் சாய்த்துவிட்டு, வரிசை வரிசையாகக் கன்று நட்டார்கள். கன்று நட்டு முடித்த அன்று சாயங்காலம் கிளைட் அவள் சமையலறைக்கு வந்தான். தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை.

"அப்பாவையே வித்துட்டியே, கோழி."

"அப்பா போய் ஒம்பது வருஷமாச்சு. உள்ள ஒருத்தன் உசிரோட படுத்திருக்கான், அவனை நான் பாக்கணும். உனக்கென்ன தெரியும் குடும்பத்தைப் பத்தி? ஒண்டிக்கட்டை! உனக்குன்னு யாரு இருக்கா?"

சொல்லி முடித்ததுமே அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாவுக்கு ஆறு வருஷம் பணிவிடை செய்துதான் அவன் ஒண்டிக்கட்டையானான் என்பது அவளுக்குத் தெரியாதா? கிளைட் முகத்தில் ஈயாடவில்லை. கோப்பையை மேஜையில் வைத்தான், ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தான், போய்விட்டான். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. இரண்டு பேருக்கும் அப்பாவின் வீம்பு அப்படியே வந்திருந்தது.

ஆனால் அடுத்த ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அவன் வண்டி வந்தது. இந்தத் தென்திசை நாட்டில் ஈஸ்டர் முடிந்ததும்தான் குளிர் தொடங்கும். வாசல் கேட்டுக்கு உள்ளே ஒரு வண்டி விறகைச் சரித்துவிட்டு, ஹாரனை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனது. மெர்ல் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அதற்கடுத்த வருஷம் அவள் பழக்கேக் செய்து ஒரு தகர டப்பாவில் வைத்து, கேட் தூணின்மேல் வைத்தாள். டப்பாவை அவன் எடுத்துப் போனான். மறு வருஷம் விறகுக் குவியலின் உச்சியில், கழுவித் துடைத்த டப்பா திரும்பி வந்தது. அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த உறவு. வருஷத்துக்கு ஒரு வண்டி விறகு, ஒரு ஹாரன், ஒரு கேக்.

ஒருமுறை நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள்.

"மழை வரும்போல" என்றான் அவன்.

"வரும், வரும்" என்றாள் அவள்.

அதை மெர்ல் ஒரு வாரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீத் இறந்தபோது கிளைட் தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றான், தேநீருக்கு நிற்காமல் போய்விட்டான். அந்த ஈஸ்டருக்கு இரண்டு வண்டி விறகு வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கிளைட்டின் விறகு விறகுதான். கட்டை ஒவ்வொன்றும் சரியாக ஒரு முழம். மெர்ல் வீட்டில் குளிருக்காக அப்பா வாங்கிப் பொருத்திக் கொடுத்த இரும்பு அடுப்பின் வயிற்றுக்கு அளந்து அறுத்தது, ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு கோடை காய்ந்தது. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். பச்சை விறகு கொடுப்பவனை கிளைட் மனிதனாகவே மதிக்கமாட்டான். ஊரில் ஒருவன் அப்படி விற்றான் என்று அவனோடு ஒரே மேஜையில் பீர் குடிப்பதை நிறுத்தியவன் அவன்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பழைய அடுப்பு பின்பக்கம் விரிசல் விட்டது. 2006 குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் புகை. ஹோபார்ட்டில் வேலை பார்க்கும் மகள் லியான் வந்தவள், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா இது, வீடா, மீன் புகை போடற கொட்டகையா? உன்னைத் தொட்டா கையில கரி ஒட்டுது."

"சன்னலைத் திறந்து வெச்சா போயிடும்."

"சன்னலைத் திறந்து வெச்சுட்டு அடுப்பு எதுக்கு? வெளியவே போய் உக்காரு! கோடை முடியறதுக்குள்ள புதுசு வாங்கறோம். நான் சொல்லிட்டேன்."

அடுத்த வருஷம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் பக்கத்து டவுனான நியூ நார்ஃபோக் போனார்கள். அங்கே அடுப்புக் கடையில் ஷேன் என்று ஒரு தடியன் இருந்தான். அடுப்பை விற்பதும் அவன்தான், வந்து பொருத்துவதும் அவன்தான். வாய் ஓயாது. மெர்லைக் கறுப்புக் கறுப்பாக ஏழெட்டு அடுப்புகளுக்கு முன்னால் நிறுத்தினான். அவள் கண் மூலையில் இருந்த ஒரு சின்ன நீல அடுப்பின்மேல் போய் நின்றது. பீங்கான் பூச்சு, கண்ணாடிக் கதவு, குட்டையாக நாலு கால்.

"உங்க கண்ணு எங்க போகுதுன்னு தெரியுது, மிஸஸ் ரெய்னர். நம்ம நீலக்குட்டிதானே?"

"சின்னதா இருக்கே. குளிர் தாங்குமா?"

"உங்க வீட்டுக்கு இது ஜாஸ்தி. பெரிசை வாங்கினா அதுக்குள்ள வேகப்போறது நீங்கதான்."

மெர்ல் கழுத்திலிருந்து நாடாவை உருவினாள். உயரம் அளந்தாள், அகலம் அளந்தாள், கால் முதல் கதவு வரை அளந்தாள். சுவருக்கு எத்தனை தள்ளி, ஜன்னல் திரைக்கு எத்தனை தள்ளி, எல்லாம் ஒரு உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

"அடுப்புக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றான் ஷேன்.

"பேச்சைக் குறைடா. இதையே கொண்டுவந்து வை."

எல்லாவற்றையும் அளந்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள், கண்ணாடியில் தன் முகத்தைக்கூடப் பார்த்துக்கொண்டாள். கையை உள்ளே விட்டுப் பார்க்கவில்லை. விறகு என்றால் முழக்கட்டைதான் என்று அறுபத்தெட்டு வருஷம் வாழ்ந்தவளுக்கு, வேறு அளவு ஒன்று உலகத்தில் இருக்கும் என்றே தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஷேன் வந்தான். பழைய அடுப்பை அகற்ற அவன் ஒருத்தன் போதவில்லை. பக்கத்து வீட்டு வெர்னையும் கூப்பிட வேண்டியிருந்தது. வெர்ன் எழுபது வயதுக்காரன், உதவிக்கு முதலில் வருவான், வந்த பிறகு உதவியைவிடப் பேச்சுதான் அதிகம். இருவரும் மூச்சிரைக்க இரும்பை நகர்த்தினார்கள்.

"உங்கப்பா இதைத் தூக்கிட்டு உள்ள வந்தாரா, இல்ல இதை வெச்சுட்டுச் சுத்தி வீட்டைக் கட்டினாரா?" என்றான் ஷேன்.

"டிரிஃபிட் வீட்டுப் பொருள் தம்பி, சுலபத்துல நகராது" என்றான் வெர்ன்.

பழைய அடுப்பு ஆப்பிள் மரத்தடிக்குப் போனது. ஷேன் தரையில் கல்பலகை பதித்து, அதன்மேல் நீல அடுப்பை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்கு அடியில் தகடு செருகினான். கூரையில் ஓட்டை போட்டு, புகைக்குழாயை மூன்று துண்டாக இணைத்து மேலே ஏற்றி, மழை இறங்காமல் ஈயத்தகட்டை மடித்துப் பொருத்தினான். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கிளம்பும்போது விரலை ஆட்டிச் சொன்னான்.

"முதல் மூணு நெருப்பு சின்னதா போடணும். சுள்ளி மட்டும். பெயின்ட் வேகணும், நாத்தம் அடிக்கும், சன்னல் எல்லாம் திறந்து வெச்சுடுங்க. அதுக்கப்புறம்தான் பெரிய கட்டை. அவசரப்பட்டீங்கன்னா நீலக்குட்டி கோவிச்சுக்கும்."

மெர்ல் சொன்னபடி செய்தாள். ஒரு நாளைக்கு ஒரு சுள்ளி நெருப்பு. நாற்றமான நாற்றம், வெர்ன் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து இருமினான். நாலாவது நாள் காலையில் கொட்டகைக்குப் போய் நல்லதாக ஒரு கட்டை எடுத்து வந்து, கதவைத் திறந்து, உள்ளே தள்ளினாள். கட்டை பாதிக்குமேல் போய் முட்டிக்கொண்டது. திருப்பினாள். குறுக்கே வைத்தாள். சாய்த்தாள். எப்படி வைத்தாலும் ஒரு கையகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஷேனுக்குப் போன் போட்டாள்.

"இது எத்தனை நீளக் கட்டைக்குடா?"

"பன்னெண்டு அங்குலம். ஏன், நீங்க உள்ள அளக்கலையா?"

மெர்ல் கையிலிருந்த கட்டையைத் தரையில் போட்டாள். அவன் அந்தப்பக்கம் சிரித்தான், பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டு நிறுத்திக்கொண்டான்.

"அட, இதுக்குப் போய்! விறகு கொண்டு வர்றவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. குட்டையா அறுத்துக் குடுக்கப் போறாரு."

ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தைதான் பதினோரு வருஷமாக வரவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஈஸ்டருக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மெர்ல் தினமும் போனுக்கு முன்னால் போய் நின்றாள். எண்ணைப் பாதி சுழற்றிவிட்டு வைத்தாள். அந்த மழைப் பேச்சை விட்டால், பதினோரு வருஷம் கழித்து அண்ணனோடு பேசும் முதல் பேச்சு என்னவாக இருக்கும்? 'உன் விறகு சரியில்லை.' அப்பா வாங்கிய அடுப்பைத் தூக்கி ஆப்பிள் மரத்தடியில் போட்டுவிட்டேன் என்று வேறு சொல்ல வேண்டும். முதலில் காடு, இப்போது அடுப்பு. அவன் என்ன நினைப்பான்? ஒரு சீட்டு எழுதினாள், கிழித்துப் போட்டாள்.

ஈஸ்டர் சனிக்கிழமை ஹாரன் ஒரு தடவை அடித்தது. ஒரு வண்டி முழக்கட்டை, மணிபோல் காய்ந்தது. டப்பா உச்சியில் இருந்தது. அவள் கேக்கை அதே டப்பாவில் வைத்துத் தூணில் வைத்தாள், கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் அவன் எடுத்துப் போனான். பிறகு போய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். பிறகு ரம்பத்தை எடுத்து இரண்டு கட்டையை அறுத்துப் பார்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஒரு வண்டியை அறுக்க அவளால் ஆகாது.

வெர்ன்தான் வழி சொன்னான். அவன் வீட்டில் பெரிய கல் கணப்பு, முழக்கட்டை தாராளமாகப் போகும். அவன் மருமகன் வீட்டில் குட்டை விறகு கிடக்கிறது. "மாத்திக்கலாம், மெர்ல். உனக்கும் லாபம், எனக்கும் லாபம்." அவள் யோசிக்காமல் சரி என்றாள். யோசித்திருக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தர் கொண்டுவந்து போட்ட விறகை இன்னொருத்தருக்குத் தருவது வாசல்வரை வந்தவரைப் போ என்பதற்குச் சமம் என்று தெரியாதவள் இல்லை அவள். வெர்ன் ராத்திரியோடு ராத்திரியாகவா எடுத்துப் போவான்? பட்டப்பகலில், மருமகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கடை வாசலில் பெட்ரோல் போட நிறுத்தினான். அங்கே கிளைட் நின்றுகொண்டிருந்தான்.

வெர்ன் திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"கிளைட் பாத்துட்டான், மெர்ல். தன் கட்டையைத் தனக்குத் தெரியாதா? வண்டியைச் சுத்தி வந்து ஒண்ணைத் தொட்டுப் பாத்தான்."

"நீ என்ன சொன்னே?"

"மெர்லுக்கு வேணாமாம்னு சொன்னேன்."

"வெர்ன்!"

"இரு, இரு. புது அடுப்புல நுழையலையாம்னும் சொன்னேன்... சொன்னேன்னுதான் நினைக்கிறேன். அவன் தொப்பியைத் தொட்டுட்டுப் போயிட்டான். அவன் எப்பவும் அப்படித்தானே?"

"சொன்னியா, இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு!"

"இப்படிக் கொக்கரிச்சா நான் எப்படி யோசிக்கறது?"

மெர்ல் கொக்கரிப்பதை நிறுத்தினாள். மறுநாள் மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். நேரில் போய்ச் சொல்லிவிடுவது, அவன் கத்தினாலும் நின்று வாங்கிக்கொள்வது, ஒண்டிக்கட்டை என்று சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கிளைட்டின் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். மேலே கொட்டகைப் பக்கமிருந்து மோட்டார் ரம்பத்தின் சத்தம் கேட்டது. நின்று நின்று, குட்டைக் குட்டையாக, கடித்துக் குதறுவதுபோல் அறுத்துக்கொண்டிருந்தது. அவன் கோபத்தில் இருந்தால் அப்படித்தான், போய் மரத்தோடு மல்லுக்கட்டுவான்.

'வேலையா இருக்கான். இன்னொரு நாள் வரலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வண்டியைத் திருப்பினாள். அந்த இன்னொரு நாள் வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டு, குளிர்காலம் வந்து, பனி விழுந்து, வசந்தமும் வந்துவிட்டது. இப்போது போனால் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டுமே என்று அதுவும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் கூடக் கூட ஒரு மைல் கூடியது மாதிரி ஆகிவிட்டது அந்த மலை.

2008 ஈஸ்டர். பழைய டப்பா அவனிடம் இருந்ததால் புது டப்பா வாங்கினாள். கேக்கில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பழம் போட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே தூணில் வைத்தாள். சனிக்கிழமை காலையிலிருந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தைப்பதுபோல் ஒரு துணியை மடியில் வைத்துக்கொண்டாள். பால் வண்டி போனது. ஆடு ஏற்றிய லாரி போனது. ஹாரன் அடிக்கவில்லை. ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை காலையில் டப்பாவைச் சுற்றி எறும்பு.

லியான் போன் செய்தாள்.

"மாமா வந்தாரா?"

"வரல. இனிமே வரமாட்டான்."

"உடம்பு சரியில்லையோ என்னவோ. ஒரு நடை போய்ப் பாரேன்."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமைதான் கடையில மாட்டுக்கு உப்பு வாங்கிட்டுப் போனானாம், வெர்ன் சொன்னான். அவன் பதில் சொல்லிட்டான், லியான். எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"என்னத்தைப் புரிஞ்சுகிட்டே? வாயைத் திறந்து கேளேன்!"

"அவன் திறக்கறானா?"

கேக்கைக் கோழிகளுக்குப் போட்டாள். அந்தக் குளிர்காலத்துக்கு விறகைக் கடையில் வாங்கினாள். பிளாஸ்டிக் பைகளில் கட்டி வந்தது. நீல அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. வீட்டில் புகை இல்லை, கரி இல்லை. அதற்கு முன்னால் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை, சமையலறையிலேயே நின்று தேநீர் குடித்தாள்.

ஜூலையில் கிளைட் இறந்துபோனான். தபால்காரன் பார்த்திருக்கிறான். முன்வாசல் நாற்காலியில் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் அப்படியே இருந்தான். இதயம். வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எல்லா டாக்டரும் சொல்வதுதான்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் தேநீர். மெர்ல் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கையில் கொடுத்த சாண்ட்விச் அப்படியே இருந்தது. ஷேன் வந்து குனிந்து அவள் கையைப் பிடித்தான். அவனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக என்ன பேசுவது என்று தெரியவில்லை, அதனால் தெரிந்ததைச் சொன்னான்.

"நல்ல மனுஷன், மிஸஸ் ரெய்னர். போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச வாரம் ஒருநாள் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நின்னாரு. என் தங்கச்சி வாங்கினாளே, அந்த அடுப்பு எதுன்னு கேட்டாரு. நீலக்குட்டியைக் காட்டினேன். முட்டி போட்டு உக்காந்து, கதவைத் திறந்து, கையை உள்ள விட்டு அளந்தாரு. முழங்கை வரைக்கும் விட்டாரு, சாம்பல் வாரற மாதிரி. ஒரு குச்சியில கத்தியால கோடு போட்டுகிட்டுப் போனாரு. நான் உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

மெர்ல் சாண்ட்விச்சை மடியில் வைத்தாள். எழுந்தாள்.

"லியான், காரை எடு."

"அம்மா, இப்பத்தான் எல்லாரும் வந்திருக்காங்க..."

"எடுன்னா எடு!"

கிளைட்டின் விறகுக் கொட்டகை மலைவீட்டுக்குப் பின்னால் வடக்கே பார்த்து இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த முழக்கட்டை, கூரைவரை. அதைக் கொண்டுவந்து அவளுக்கு என்ன பிரயோசனம்? அதில் ஆறங்குலம் வெட்டிக் குறைத்து, மிச்சம்மீதியைக் கொண்டுவந்து தங்கை வாசலில் கொட்டுகிற ஆளும் அவன் இல்லை. மறு பக்கம், காற்று படும் ஓரத்தில், தனியாக இன்னொரு அடுக்கு. குட்டைக் கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றுபோல் ஒன்று. மேலே தகரம் போட்டு, பறக்காமல் கல் வைத்திருந்தான். தகரத்தின்மேல் அவளுடைய பழைய கேக் டப்பா, கழுவித் துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தது. தூணில் ஒரு குச்சி கயிற்றில் தொங்கியது, கத்திக்கோடு போட்டது. அதற்குக் கீழே மரக்கரிக்கட்டியால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்.

'கோழிக்கு. பச்சை. 2009 ஈஸ்டர் வரை தொடாதே.'

மெர்ல் இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினாள். கணீரென்று கேட்கவில்லை. தொம் தொம்மென்றது. இன்னும் ஒரு கோடை காய வேண்டிய விறகு.

இரண்டு கோடை. இந்தப் பள்ளத்தாக்கில் பல் முளைக்காத குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. போன வருஷ ஈஸ்டருக்கு அறுத்த மரம் இந்த வருஷ ஈஸ்டருக்கு எப்படிக் காயும்? பச்சை விறகு கொடுக்கமாட்டான் என்பதால் வரவில்லை. அவ்வளவுதான். வேறு எந்தப் பதிலையும் அவன் சொல்லவில்லை. அன்று கேட்டுக்கு வெளியே நின்று அவள் கேட்ட ரம்பச் சத்தம் கோபம் இல்லை, குட்டைக் குட்டையாக இதை அறுத்துக்கொண்டிருந்த சத்தம். ஐம்பது அடி நடந்திருந்தால் பார்த்திருப்பாள்.

அவனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். 'காயணும், அடுத்த வருஷம் கொண்டு வர்றேன்' என்று ஒரு சீட்டு. பாழாய்ப்போன வீம்பு! அவனுக்கு அவள் தெரிந்துகொள்வாள் என்ற நினைப்பு. விறகு தெரிந்தவள்தானே, கணக்குப் போட்டுக்கொள்வாள் என்று. அந்த நம்பிக்கைக்குத்தான் அவள் துரோகம் செய்தாள். அப்படித்தான் அவளே பிறகு லியானிடம் சொன்னாள்.

"அம்மா, வண்டி பிடிச்சு எடுத்துட்டுப் போயிடலாமா?" என்றாள் லியான் மெதுவாக.

"தொடாதே. பச்சையா இருக்கு."

பிறகு, தூணைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டிக்கட்டைன்னு சொன்னேன்டி அவனை. உனக்கு யாரு இருக்கான்னு கேட்டேன். நான்தானே இருந்தேன்? நான் ஒருத்திதானே இருந்தேன்?" என்றாள். லியான் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

அந்தக் கோடை நல்ல வெயில். மெர்ல் வாரம் ஒருமுறை மலை ஏறி, இரண்டு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு வருவாள். இப்போது போக எந்தத் தயக்கமும் இல்லை. மலையும் நாலே மைல்தான்.

2009 ஈஸ்டர் சனிக்கிழமை ஷேன் தன் வண்டியில் விறகை ஏற்றி வந்தான். கேட்டுக்கு உள்ளே சரித்தான். வெர்ன் வேலி ஓரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். மெர்ல் ஒரு கட்டையை மார்போடு அணைத்து உள்ளே எடுத்துப் போனாள். நீல அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே வைத்தாள். கட்டை தடையில்லாமல் போய் உட்கார்ந்தது, பின்னால் ஒரு விரல் இடமும் விட்டு. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"நுழைஞ்சிடுச்சு, கிளைட்" என்றாள்.

வெளியே ஷேன் வண்டியைத் திருப்பும்போது, வழியில் நின்ற கோழிகளை விரட்ட ஹாரனை ஒரு தடவை அடித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். மெர்ல் அந்த வருஷமும் கேக் செய்து மேஜைமேல் வைத்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டாள்.